ஏழாம் நம்பரைச் சுற்றிப் போன பாதை

இரத்தினபுரியிலிருந்து வந்த திட்ட வரைவை வாசிக்கத் தொடங்கிய கலைச்செல்விக்கு முதல் பக்கத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மண்ணின் தொடுகையை உணரட்டும் என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய நாலாம் வகுப்பில் பாதிப்பேர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். சேற்றில் நடந்தால் சீக்கிரம் பிய்ந்துபோகும் என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். வாசலில் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் காலைக் கழுவிவிட்டு மாட்டிக்கொள்வார்கள். மண்ணின் தொடுகையில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

றக்வானையிலிருந்து மேலே ஏறும் பாதையில், பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பில் இருந்தது அந்தத் தோட்டம். காட்டோரப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளை மாதத்துக்கு ஒருமுறை வகுப்பறைக்கு வெளியே கூட்டிப்போய் இயற்கையைப் படிப்பிக்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் திட்டம் போட்டிருந்தது. அதிபர் இந்திரகுமார் சேர் அந்தப் பொறுப்பைக் கலைச்செல்வியின் தலையில் கட்டிவிட்டார். அவள் இந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள், அவளுக்குத் தெரியாத மலையா என்பது அவருடைய நியாயம். தெரியும்தான். ஆனால் தெரிந்த மலையைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

நிறுவனத்திலிருந்து வந்தவள் ஸுமைரா. இரத்தினபுரிக்காரி, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்துவிட்டு இதுதான் முதல் வேலை. தலையை மூடிய முந்தானைத் துணியை ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு, முழங்கால்வரை அட்டைக்கான நீளக் காலுறை போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பார்த்ததும் பிள்ளைகள் அந்தக் காலுறையைத்தான் சுற்றி நின்றார்கள்.

வெறுங்கால் பயிற்சியைக் கலைச்செல்வி வரைவிலிருந்து அடித்துவிட்டபோது ஸுமைரா கோபித்துக்கொள்ளவில்லை.

"இது கொழும்புப் புள்ளைகளுக்கு எழுதினது டீச்சர். எனக்கும் வாசிக்கக்குள்ள ஒரு மாதிரித்தான் ஈந்திச்சு. நீங்களே சொல்லுங்க, இங்க எப்படிச் செய்வம்?"

பள்ளி விட்ட பிறகு இருவரும் வகுப்பறையிலேயே உட்கார்ந்து வேலை செய்தார்கள். பல பின்னேரங்கள் அப்படிப் போயின. அழகான யோசனைகள் பேச்சுக்கு வரும் முன்னால் சில்லறை விஷயங்கள் வந்து நின்றன. பெண்பிள்ளைகள் ஒதுங்குவதற்கு இடம் எங்கே? மழை பிடித்தால் எந்தக் கூரைக்குக் கீழே ஓடுவது? அட்டைக்குச் சவர்க்காரம் பூசுவதா, தேசிக்காய்ச் சாறா? கண்ணைக் கட்டிக்கொண்டு மரத்தைத் தடவிப்பார்க்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்தில் எந்த மரத்தில் எந்த மயிர்ப்புழு இருக்குமோ என்று கலைச்செல்வி அதையும் வெட்டினாள். ஸுமைராவுக்கு முகம் வாடிப்போயிற்று. எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் மிச்சம் என்னதான் இருக்கும் என்று கேட்டாள்.

மிச்சம் இருந்தது. பிள்ளைகளிடம் மரங்களின் பெயரைக் கேட்டுப்பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. தேயிலை மலைகளின் நம்பர்களை எல்லாம் அவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். அம்மா இன்றைக்கு எந்த நம்பரில் கொழுந்து எடுக்கிறாள் என்று தெரியாத பிள்ளை இல்லை. மரங்களுக்கோ சிங்களப் பெயர் கொஞ்சம் வந்தது, தமிழ்ப் பெயர் வரவில்லை, பல மரங்களுக்கு எந்தப் பெயரும் வரவில்லை. காட்டு விளிம்புக்கு வெறுமனே ஒருநாளும் போனதில்லை என்றார்கள். விறகுக்குப் போயிருந்தார்கள். தொலைந்துபோன மாட்டைத் தேடிப் போயிருந்தார்கள். சும்மா போய் உட்கார்ந்ததில்லை.

அதிலிருந்துதான் கலைச்செல்விக்கு யோசனை பிடிபட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாய் விரிக்கிற அளவு போதும். மாதாமாதம் அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்து, போன முறை இருந்தது இந்த முறை இருக்கிறதா, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அவர்களே ஒரு பெயர் வைக்கட்டும், பிறகு உண்மைப் பெயரைத் தேடிக்கொள்ளலாம். ஸுமைராவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

போகிற பாதையைப் பற்றிப் பேசும்போதுதான் இருவருக்கும் ஒத்துவரவில்லை.

ஸுமைரா கங்காணியோடு சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஏழாம் நம்பர் வழியாகப் போகலாம் என்றாள். ஏழாம் நம்பரில் இப்போது கொழுந்து எடுப்பதில்லை. கைவிட்ட மலை. தேயிலை ஆளுயரத்துக்கு மரமாகி நின்றது, நடுவே மானாப்புல்லும் பெரணியும் ஏறிவிட்டன, காட்டு மரக்கன்றுகள் தலைகாட்டின. தேயிலை எப்படித் திரும்பக் காடாகிறது என்று பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம், இதைவிட நல்ல பாடம் இல்லை என்றாள். கலைச்செல்வி வரைபடத்தில் விரலை வைத்து, ஏழாம் நம்பரின் அடிவாரத்தைச் சுற்றி ஓடைக்கரையோடு போகும் நீண்ட பாதையைக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் வழி சரியில்ல மிஸ். ஓடைப் பக்கமா போவோம்."

வழி நன்றாகத்தான் இருந்தது. ஸுமைரா அதில் நடந்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஏழாம் நம்பரில்தான் கலைச்செல்வியின் நாத்தனார் புஷ்பம் குளவி கொட்டிச் செத்துப்போனாள். மலையின் நடுவில் பெரிய அல்பீசியா மரமொன்றில் கூடு கட்டியிருந்தது. பருந்து அடித்ததோ காற்று அடித்ததோ, கலைந்து வந்த குளவிகள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்மேல் இறங்கின. மற்றவர்கள் தப்பி ஓடிவிட்டார்கள். புஷ்பம் மேல்வரிசையில் நின்றிருந்தாள். கத்தல் கேட்டு அவளுடைய அண்ணன் சதீஸ், கலைச்செல்வியின் புருஷன், சாக்கைப் போர்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்து அவளைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். அவனும் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் பிழைத்தான், தங்கச்சி பிழைக்கவில்லை. அதற்குப்பிறகு சதீஸ் மலைவேலையை விட்டுவிட்டு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில், இரவு வேலைக்குச் சேர்ந்துகொண்டான். ஏழாம் நம்பர் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை.

புஷ்பத்தின் மகள் சுதர்ஷினி அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான், தீபாவளிக்கு வருவான். கலைச்செல்விக்குப் பிள்ளை இல்லை. சுதர்ஷினி வீட்டில் அவளை மாமி என்றாள், வகுப்பில் டீச்சர் என்றாள், இரண்டையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அவ்வளவு ஒழுங்கான பிள்ளை. அந்த ஒழுங்குதான் கலைச்செல்விக்குப் பயமாக இருந்தது. இடைவேளைக்கு மற்றப் பிள்ளைகள் மைதானத்தில் கூத்தடிக்கும்போது அவள் கதிரையில் உட்கார்ந்து எதையாவது வாசித்துக்கொண்டிருப்பாள். லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே உள்ள தார்ப்பாதையைத் தவிர வேறு எங்கும் கால் வைப்பதில்லை. வீட்டில் யாரும் அவளிடம் தாயின் சாவைப்பற்றிப் பேசியதுமில்லை. பேசாமல் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று சதீஸ் நினைத்தான். கலைச்செல்வியும் அப்படித்தான் நினைத்தாள், அல்லது நினைத்ததாகச் சொல்லிக்கொண்டாள்.

யாருக்கும் சொல்லாவிட்டாலும், பாய் விரிக்கிற அளவுக்கு ஓர் இடம் என்று யோசித்தபோது அவள் மனதில் இருந்தது சுதர்ஷினிதான். பெரிய மலை வேண்டாம், காடு வேண்டாம். ஓடைக்கரையில் ஒரு பாயளவு இடம் அவளுக்குச் சொந்தமாகிவிட்டால் போதும்.

பெற்றோர் கூட்டம் அவள் எதிர்பார்த்ததைவிடக் கரடுமுரடாக இருந்தது. மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஸுமைரா தன்னால் முடிந்தமட்டும் விளக்கினாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் மரியாயி எழுந்தாள். கலைச்செல்வியைக் குழந்தையிலிருந்து தெரிந்தவள், சரோன் என்ற பிள்ளையின் தாய்.

"கலை, கோவிச்சுக்காத. நாங்க மலையில கெடந்து மாயுறது போதும்னுதான் புள்ளைங்கள ஒங்கிட்ட அனுப்புறோம். நீ என்னடான்னா திரும்ப மலைக்கே கூட்டிட்டுப் போறேங்கிற."

அங்கிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். கலைச்செல்விக்குத் தன் அம்மாவும் இதையே சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வேலைக்குப் போறது வேற அக்கா, பாக்கப் போறது வேற. நம்ம யாரும் ஒருநாளும் பாக்கப் போனதில்ல."

மரியாயி பாம்பு, மழை, சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அட்டை கடித்தால் டீச்சர்தான் பிடுங்கவேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் சம்மதித்தார்கள்.

சம்மதிக்காதது அவளுடைய வீடுதான். சதீஸ் சத்தம் போடவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"மத்த புள்ளைங்கள கூட்டிட்டுப் போ, நான் ஒண்ணும் சொல்லல. அத விட்டுட்டுப் போ."

ஓடைப் பக்கந்தான் போறோம், அங்க ஒண்ணும் கெடையாது, கங்காணிய அனுப்பிக் கூடு கீடு இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்கேன் என்றெல்லாம் அவள் சொல்லிப்பார்த்தாள். அவன் கை பிசைவதை நிறுத்திவிட்டது.

"அன்னைக்கும் பாத்துட்டுத்தான் எறக்குனாங்க, கலை. தங்கச்சி புள்ள. எனக்கு அதுக்கு மேல தெம்பில்ல."

அடுத்த காம்பராவில் படித்துக்கொண்டிருந்த சுதர்ஷினிக்குக் கேட்டிருக்கும். நடுவில் பலகைச் சுவர்தான். ஆனால் சாப்பிட வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீ போகவேண்டாம், வீட்டிலேயே இரு என்று மாமா சொன்னதற்குச் சரி என்றாள். பரீட்சார்த்த நடைக்குக் குறித்த சனிக்கிழமை அவளை மாமாவோடு வீட்டில் விட்டுவிட்டுக் கலைச்செல்வி கிளம்பினாள். கதவைச் சாத்தும்போது மனம் கனத்தது. யாருக்காக யோசித்தாளோ அந்தப் பிள்ளை இல்லாமலே போனாள்.

முதல்நாள் மழை பெய்து விட்டிருந்தது. தேயிலைத் தளிரெல்லாம் வெயிலில் எண்ணெய் பூசியதுபோல மின்னியது. பிள்ளைகள் முழங்கால்வரை சவர்க்காரம் பூசிக்கொண்டு, ரொட்டிப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்தார்கள். இந்திரகுமார் சேர் கையில் தடியோடு கடைசியில் வந்தார். ஏழாம் நம்பரின் அடிவாரத்தைச் சுற்றும்போது கலைச்செல்வி மேலே பார்க்கவில்லை.

ஓடைக்கரையில் எல்லாம் அவள் நினைத்ததைவிட நன்றாக நடந்தது. இடம்பிடிக்கச் சொன்னதும் பிள்ளைகள் பஸ் சீட்டுக்கு ஓடுவதுபோல ஓடினார்கள். சரோன் உளுத்துப்போன ஒரு மரக்கட்டையைத் தனதென்று பிடித்துக்கொண்டு அதன் பட்டையை உரித்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப்புழு நெளிந்தது. அருவருப்பும் பெருமையுமாக அதற்குப் பேர்வைக்க ஆள் கூப்பிட்டாள். ஒருத்தன் பாறைவெடிப்பில் ஒரு குட்டி நண்டைக் கண்டுபிடித்து, அது அசையும்வரை மூச்சுவிடாமல் குந்தியிருந்தான். வகுப்பில் ஓரிடத்தில் இருக்காதவன் அவன். ஸுமைரா இடத்துக்கு இடம் ஓடினாள். கலைச்செல்வி ஒரு கல்லில் உட்கார்ந்து, இது பலிக்கும் போலிருக்கிறதே என்று முதல்முறையாக நினைத்தாள்.

அப்போதுதான் சதீஸ் வந்தான். பாதையில் வரவில்லை, தேயிலைக்குள்ளே குறுக்கே விழுந்தடித்துக்கொண்டு வந்தான். காலில் செருப்பில்லை. சாரத்தை மடித்துக்கட்டியிருந்தான். பிள்ளைகள் ஒவ்வொருத்தரின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"சுதா இங்க வரலயா?"

இரவு வேலை முடிந்து வந்தவன் பிள்ளைக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சற்றே சாய்ந்திருக்கிறான். கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, பிள்ளை இல்லை. பக்கத்துக் காம்பராக்களில் கேட்டிருக்கிறான், பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறான். இவர்களோடு வந்து சேர்ந்துகொண்டிருப்பாள் என்று நினைத்து இங்கே ஓடிவந்திருக்கிறான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு பலமுறை நின்று வந்தது.

கலைச்செல்விக்குப் பிள்ளைகள் முன்னால் கத்தக்கூடாது என்பது நினைவிருந்தது. சுதர்ஷினிக்குப் பக்கத்தில் உட்காருகிற தர்மிளாவைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள். சுதா உன்னிடம் ஏதாவது சொன்னாளா?

தர்மிளா பயந்துபோய் அவளையும் சதீஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்த வழியா போறீங்கன்னு நேத்து கேட்டிச்சு டீச்சர். ஓடப் பக்கமா போறோம்னு சொன்னேன். அப்ப எங்கம்மா எடத்துக்குப் போகமாட்டீங்களான்னு கேட்டிச்சு."

சதீஸ் அங்கேயே குந்திவிட்டான். கலைச்செல்வி பிள்ளைகளை அதிபரிடமும் ஸுமைராவிடமும் ஒப்படைத்தாள். ஸுமைரா எதையும் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. நாங்க பாத்துக்கொள்றம், போங்க டீச்சர் என்று மட்டும் சொன்னாள்.

இருவரும் ஏழாம் நம்பருக்கு ஏறினார்கள். வெயில் ஏறியிருந்தது, காற்றும் வீசியது. குளவி கலைவதற்கு இதைவிட வேறு வேளை வேண்டாம். கைவிட்ட மலையில் காட்டுப்பன்றி படுத்துக்கிடக்கும், சிறுத்தை கண்டதாகவும் போன மாதம் பேச்சிருந்தது. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தவள், சத்தத்தில் ஏதும் கலைந்துவிடுமோ என்று அடக்கிக்கொண்டாள். ஏறும்போதெல்லாம் ஒரே நினைப்புத்தான். நான் வழியை மாற்றினேன். மாற்றாமல் இருந்திருந்தால் அவள் தனியாக வந்திருக்கமாட்டாள்.

ஏழாம் நம்பரின் எல்லைக்கல்லுக்கு வந்ததும் சதீஸ் நின்றுவிட்டான். அவன் கால் அதற்குமேல் எழவில்லை. நீ போ என்று கையைக் காட்டினான். அவள் சேலையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, மரமாகிவிட்ட தேயிலைக்குள் நுழைந்தாள். பழைய கொழுந்துப்பாதை இன்னும் அடையாளம் தெரிந்தது. மானாப்புல் முகத்தில் அறுத்தது. எவ்வளவு தூரம் போனாளோ, திடீரென்று இடம் விரிந்தது. அல்பீசியா மரத்தின் அடி.

மஞ்சள் சட்டையோடு சுதர்ஷினி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலைச்செல்வியும் பயத்தோடு மேலே பார்த்தாள். உயரத்தில், கிளையும் கிளையும் பிரிகிற இடத்தில், காய்ந்து பிய்ந்துபோன கூட்டின் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் எப்போதோ மழையில் கரைந்து விழுந்திருக்க வேண்டும். குளவி ஒன்றுகூட இல்லை.

"குளவி இல்ல மாமி," என்றாள் பிள்ளை, திரும்பாமலே. "ரொம்ப நேரமா பாத்தேன். எறும்புதான் போவுது."

கலைச்செல்வி பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். முழங்காலில் சிராய்ப்பு, கணுக்காலில் ஓர் அட்டை, வேறொன்றுமில்லை. அட்டையைப் பிடுங்கிப் போட்டாள்.

"அம்மா ஏன் மாமி ஓடல? மத்தவங்க எல்லாம் ஓடுனாங்கதானே?"

இத்தனை காலமும் இந்தக் கேள்வியை அவள் வயிற்றுக்குள்ளே வைத்துக்கொண்டுதான் தார்ப்பாதையில் நடந்திருக்கிறாள் என்று கலைச்செல்விக்கு விளங்கியது. உண்மையைச் சொல்வதா என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு சொல்லத் துணிந்து, மேல்வரிசையைக் கைநீட்டிக் காட்டினாள்.

"அந்தா, அங்கதான் அம்மா நின்னிச்சு. செங்குத்தா இருக்குல்ல, பாரு. கீழ எறங்கணும்னா மரத்தடியிலதான் வரணும். முதுகுல கொழுந்துக் கூட வேற. அம்மா ஓடிச்சு. எடந்தான் விடல."

"அப்ப ஓடிச்சா?"

"ஓடிச்சு. மாமா வரும்போது பாதித் தூரம் எறங்கியிருந்திச்சு."

பிள்ளை அந்தச் சரிவை மேலிருந்து கீழாகக் கண்ணால் அளந்து பார்த்தாள். பிறகு அழுதாள். தாயின் பிரேதத்தின் முன்னால்கூட அவள் இப்படி அழுததில்லை. கலைச்செல்வி அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, நிறுத்தச் சொல்லாமல் அழ விட்டாள்.

புல் சரசரத்தது. சதீஸ் வந்துகொண்டிருந்தான். தலையை மூடவில்லை. முகமெல்லாம் வியர்வை. ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தான். மரத்தடிக்கு வந்ததும் அவன் கண் முதலில் பிள்ளையிடம் போயிற்று, பிறகுதான் மேலே போயிற்று. காய்ந்த கூட்டை நெடுநேரம் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல மாமா," என்று சுதர்ஷினி விசும்பலுக்கு நடுவே அவனுக்கும் சொன்னாள். "நான் பாத்துட்டேன்."

அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். ஒன்பது வயதுப் பிள்ளை, கால் அவன் முழங்காலுக்குத் தொங்கியது. அவளுடைய தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவன் ஏச்சுப் பேச்சில் இறங்குவான் என்று கலைச்செல்வி எதிர்பார்த்தாள். அவனோ தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இங்கெல்லாம் எனக்கும் கொட்டியது, ஒங்கம்மாவைத் தூக்கிக்கொண்டு இந்த வழியாகத்தான் இறங்கினேன் என்று பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கிவிட்டான். இறங்கும் வழியெல்லாம் சொன்னான். புஷ்பம் கொழுந்தெடுப்பதில் எவ்வளவு சுறுசுறுப்பு, எப்படி வாயடிப்பாள், கங்காணியையே எப்படிக் கேலி பண்ணுவாள் என்றெல்லாம் சொன்னான். கலைச்செல்வி கேள்விப்படாத கதைகளும் அதில் இருந்தன. எல்லைக்கல் தாண்டியதும் பிள்ளை தன்னை இறக்கிவிடச் சொன்னாள். தாகமாக இருக்கிறது, பசிக்கிறது என்றாள்.

ஓடைக்கரையில் அவர்கள் தலை தெரிந்ததும் அதிபர் தடியை மண்ணில் ஊன்றி நிமிர்ந்தார். பிள்ளைகள் ஓடிவந்து சுதர்ஷினியைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. சரோன் தன் வெள்ளைப்புழுவைக் காட்ட இழுத்துப்போனாள். ரொட்டியெல்லாம் தீர்ந்திருந்தது. தர்மிளா பாதி கடித்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் நீட்டினாள். சுதர்ஷினி அதை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஸுமைராவிடம் கலைச்செல்வி நடந்ததையெல்லாம் சொன்னாள். ஏழாம் நம்பரை ஏன் ஒதுக்கினாள் என்பதையும் சொன்னாள். ஸுமைரா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், இந்தத் திட்டத்தை இத்தோடு நிறுத்திவிடுவமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கலைச்செல்வி பதில் சொல்லுமுன்னே புல்லில் சாய்ந்திருந்த சதீஸ் முந்திக்கொண்டான்.

"நிறுத்த வேணாம் மிஸ். அடுத்த தடவ ஏழாம் நம்பர் வழியாவே கூட்டிட்டுப் போங்க. வெயில் ஏறுறதுக்கு முன்ன போங்க. நானும் வாறேன். மொதல்ல நான் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாத்தான் புள்ளைங்க ஏறணும்."

ஸுமைரா கலைச்செல்வியைப் பார்த்தாள். கலைச்செல்வி தலையாட்டினாள். அவனைச் சம்மதிக்கவைக்க அவள் தயாராக வைத்திருந்த அவ்வளவு பதில்களும் அவசியமில்லாமல் போய்விட்டன. குளவியைப்பற்றியும் பாடம் வைக்கவேண்டும், கலைந்து வந்தால் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தர வேண்டும் என்று அவளும் ஸுமைராவும் பேசிக்கொண்டிருக்கும்போதே சதீஸ் தூங்கிப்போனான். இராமுழுக்க வேலை செய்தவன், மலை ஏறி இறங்கியவன். வெறும் புல்லில் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

நெடுநேரமாகக் கலவரப்பட்டிருந்த பிள்ளைகளை அமர்த்துவதற்காக ஸுமைரா புதிதாக ஒரு வேலை கொடுத்திருந்தாள். தன் இடத்தில் அசையாமல் இருந்து காதில் விழுகிற சத்தங்களையெல்லாம் எழுதவேண்டும். ஓடைச் சத்தம், ஒரு கொண்டைக்குருவி, தூரத்தில் லொறி, மூங்கில் உரசுவது என்று எழுதினார்கள். நண்டுக்காரப் பையன் கையை உயர்த்தினான்.

"டீச்சர், மாமா கொறட்ட விடுறத எழுதலாமா?"

அது இயற்கையா இல்லையா என்று பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. காட்டில் கேட்டால் எல்லாம் இயற்கைதான் என்றாள் சரோன். இந்திரகுமார் சேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். கலைச்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துவிட்டு மறுபடி சிரித்தாள். ஸுமைரா கொஞ்சம் பயந்தேபோனாள்.

சுதர்ஷினி இன்னும் தனக்கென்று இடம் பிடிக்கவில்லை. ரொட்டியைத் தின்று முடித்துக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கரையில் ஒரு பெரணிக் கொப்பை ஒடித்தெடுத்து வந்தாள். தூங்குகிற மாமாவின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தில் மொய்த்த ஈயை ஓட்டத் தொடங்கினாள்.

"இதான் என் எடம்," என்றாள் மற்றவர்களிடம். "சத்தம் போடாதீங்க."